ஜார்ஜ் வெசினா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெசினா கோப்பை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். யார் இந்த வெசினா?

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லில் சீசனுக்கு ஒரு முறை சிறந்த கோலிக்கு, அதாவது கோல்கீப்பருக்கு, கொடுக்கும் பரிசு அது. அந்தப் பெயருக்கு உரியவர் ஜார்ஜ் வெசினா, கனடாவின் கியூபெக் மாகாணத்து ஷிகூட்டிமியில் 1887 ஜனவரி 21 அன்று பிறந்தவர். அப்பா ரொட்டிக்கடை வைத்திருந்தார். எட்டுப் பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. 1910 டிசம்பரில் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியில் சேர்ந்து, 1925 நவம்பர் வரை அந்த ஒரே அணிக்குக் கோல் காத்தார். வட அமெரிக்க ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை இரண்டு முறை வென்றார். 1926 மார்ச்சில் காசநோயில் இறந்தபோது வயது 39.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. வெசினாவைப் பற்றி உலவும் சுவையான கதைகளில் பாதி, அணியின் முதலாளிகளில் ஒருவரான லியோ டாண்டுராண்ட் வாயிலிருந்து வந்தவை. நல்ல கதைசொல்லி அவர். கீழே அவர் பெயர் வரும் இடங்களில் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

ஐஸ் ஹாக்கியே பார்த்ததில்லை. இந்தக் 'கோலி' என்ன செய்வார்?

பனித்தளத்தில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, 'பக்' என்ற கெட்டி ரப்பர் வட்டை மட்டையால் அடித்து எதிரணியின் வலைக்குள் தள்ள வேண்டும். வட்டு மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம், ஏறக்குறைய 170 கிராம் எடை. வலை ஆறடி அகலம், நான்கடி உயரம். அதற்கு முன்னால் நிற்பவர்தான் கோலி. ஒரு கோலும் விடாமல் ஆட்டத்தை முடித்தால் அதற்கு ஷட்-அவுட் என்று பெயர். ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை கோல் விட்டார் என்பதை வைத்துத்தான் பழைய கோலிகளை எடைபோடுவார்கள். அந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

மாண்ட்ரியல் அணி அவரை எப்படிக் கண்டுபிடித்தது?

அவரிடம் தோற்றுத்தான். கனேடியன்ஸ் 1909 டிசம்பரில், பிரெஞ்சு பேசும் ஆட்டக்காரர்களை வைத்துத் தொடங்கப்பட்ட அணி. முதல் சீசனின் நடுவில், 1910 பிப்ரவரி 17 அன்று, ஷிகூட்டிமிக்கு ஒரு காட்சி ஆட்டம் ஆடப் போனார்கள். கியூபெக் நகரத்துக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டரில், சாகனே ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. வந்தவர்கள் காசு வாங்கி ஆடும் தொழில்முறைக்காரர்கள். எதிரே நின்றவர்கள் உள்ளூர்ப் பையன்கள். உள்ளூர் அணி 2-0 என்று ஜெயித்தது. வெசினாவைத் தாண்டி ஒரு வட்டுகூட உள்ளே போகவில்லை.

அதைப் பார்த்து அசந்துபோனவர் கனேடியன்ஸின் முதல் கோலி ஜோ கட்டாரினிச். இந்த ஆளை விடக்கூடாது என்று அணியிடம் சொன்னவர் அவர்தான். தன் வேலைக்கே ஆள் பிடித்துக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெசினா உடனே வரவில்லை; முதல் அழைப்பை மறுத்துவிட்டார். அந்த டிசம்பரில் மறுபடி வந்து கேட்ட பிறகுதான் அண்ணன் பியேரையும் கூட்டிக்கொண்டு மாண்ட்ரியலுக்குப் போனார். பியேர் தேறவில்லை. தம்பி தேறினார். டிசம்பர் 31-ஆம் தேதி ஒட்டாவா அணிக்கு எதிராக முதல் ஆட்டம்.

கட்டாரினிச்சின் கதை அதோடு முடியவில்லை. 1921-இல் டாண்டுராண்ட், லூயி லெடூர்னோ இருவரோடும் சேர்ந்து அந்த அணியையே விலைக்கு வாங்கினார். தான் கண்டெடுத்த கோலிக்குப் பின்னாளில் முதலாளியானார்.

பதினாறு வயது வரை ஸ்கேட்டே கட்டியதில்லை என்கிறார்களே, நிஜமா?

அப்படித்தான் சொல்லப்படுகிறது. தெருவில் ஆடிப் பழகியவர். ஊர் அணியில் சேர்ந்த பிறகுதான் ஸ்கேட் காலுக்கு வந்ததாம். நம்ப முடியாத விஷயம் ஒன்றும் இல்லை. சக ஆட்டக்காரர்கள் தளம் முழுக்கப் பறக்கும்போது, அன்றைய கோலி நாலடி இடத்துக்குள் நின்று சமாளித்தால் போதும்.

சம்பளம் எவ்வளவு?

முதல் சீசனுக்கு 800 டாலர். கோடையில் ஷிகூட்டிமிக்குத் திரும்பிப் போய்த் தோல் பதனிடும் தொழிலைக் கவனித்துக்கொண்டார். அன்று தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் பெரும்பாலும் நிலைமை இதுதான். பனிக்காலத்துக்கு ஹாக்கி, மற்ற மாதங்களுக்கு வேறு பிழைப்பு.

அந்தக் காலத்தில் கோல் காப்பது இன்றைக்கு இருப்பதுபோலத்தானா?

கிட்டத்தட்ட வேறு ஆட்டம் என்றே சொல்லலாம். வெசினாவின் எண்களைப் பார்த்து ஏமாறாமல் இருக்க இது தெரிந்தாக வேண்டும்.

இன்றைய கோலி முட்டியை மடக்கி, கால்களை இரு பக்கமும் விரித்து, பனியோடு பனியாக விழுந்து தடுக்கிறார். வெசினா ஆட வந்த காலத்தில் கோலி கீழே விழுவதே குற்றம். அதற்கு அபராதம் உண்டு. முழு ஆட்டமும் நின்றுகொண்டேதான் தடுக்க வேண்டும். தரையை ஒட்டி வரும் வட்டுக்கு மட்டைதான் கதி. வெசினாவிடம் கனேடியன்ஸ்காரர்களுக்கு முதலில் பிடித்ததே அந்த மட்டை வேலைதான்.

இந்த விதியை உடைத்தவர் ஒட்டாவாவின் கிளின்ட் பெனடிக்ட். சட்டப்படி விழக்கூடாது, சரி, தவறி விழுந்தால்? அவர் அடிக்கடி 'தவறி' முட்டிபோட்டு விழுவார். கேலியாக அவருக்குப் 'பிரார்த்தனை பென்னி' என்று பெயர் வைத்தார்கள். எது நிஜமாகத் தவறியது, எது வேண்டுமென்றே செய்தது என்று நடுவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைசியில் 1918 ஜனவரி 9 அன்று என்எச்எல் அந்தத் தடையையே எடுத்துவிட்டது. கோலிகள் வேண்டுமானால் தலைகீழாகக்கூட நின்றுகொள்ளட்டும் என்று லீகின் தலைவர் பிராங்க் கால்டர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதற்குப் பிறகும் வெசினா நின்று ஆடும் கோலியாகத்தான் அறியப்பட்டார்.

அடுத்தது உடுப்பு. முகமூடி கிடையாது. காலில் கட்டிய பேடு கிரிக்கெட்டிலிருந்து வந்தது. 1896-இல் வின்னிபெக் விக்டோரியாஸ் அணியின் கோலி மெரிட் கிரிக்கெட் பேடோடு ஸ்டான்லி கோப்பை ஆட்டத்தில் இறங்கிய பிறகு அது பரவியது. நம்மூர் பேட்ஸ்மேன் கட்டுகிற அதே ஒல்லியான சமாச்சாரம். கோலிக்கென்று அகலமான பேடு 1920-களில்தான் வந்தது. அதைத் தைத்தவர் ஹாமில்டன் ஊரில் குதிரைச் சேணம் செய்துகொண்டிருந்த எமில் கெனெஸ்கி. கையுறையும் மற்ற ஆட்டக்காரர்கள் போடுவது மாதிரிதான். வட்டைப் பிடிப்பதற்கென்று தனிக் கையுறை பின்னாளில் வந்த வசதி. முகமூடி இன்னும் தாமதம். முகத்தில் அடிபட்ட பெனடிக்ட் 1930-இல் தோலில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு, பார்வை மறைக்கிறது என்று சீக்கிரமே கைவிட்டார். 1959 நவம்பர் 1 அன்று ஜாக் பிளான்ட் போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் அது நிலைத்தது. பிளான்டும் கனேடியன்ஸ் கோலிதான்.

அப்புறம், மாற்று கோலி என்ற பேச்சே கிடையாது. கோலி ஏதாவது தப்பு செய்து தண்டனை வாங்கினால், அவரேதான் தளத்தை விட்டுப் போய்த் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். அதுவரை வேறொரு ஆட்டக்காரர் வலைக்கு முன்னால் நின்று சமாளிப்பார்.

'ஷிகூட்டிமி வெள்ளரிக்காய்' என்ற பட்டப்பெயர் ஏன்?

எவ்வளவு நெருக்கடியிலும் முகத்தில் பதற்றமே காட்டாதவர் என்பதால். பதறாத ஆளை 'வெள்ளரிக்காய் மாதிரிக் குளுமை' என்பது ஆங்கில வழக்கு. ஷிகூட்டிமி ஊர்ப்பெயர். அவ்வளவுதான்.

முதல் ஸ்டான்லி கோப்பை எப்போது?

1916-இல். அணிக்கும் அதுவே முதல். அப்போது ஸ்டான்லி கோப்பை எந்த ஒரு லீகுக்கும் சொந்தமில்லை. கிழக்கு லீகின் சாம்பியனும் மேற்குக் கரை லீகின் சாம்பியனும் மோதுவார்கள். கனேடியன்ஸை எதிர்த்து வந்தது போர்ட்லேண்ட் ரோஸ்பட்ஸ். ஐந்து ஆட்டத் தொடர், 2-2 என்று சமநிலை. மார்ச் 30 இரவு நடந்த ஐந்தாவது ஆட்டத்தில் கோல்டி புராட்ஜர்ஸ் அடித்த கோலில் கனேடியன்ஸ் 2-1 என்று வென்றது.

அதே இரவில் வெசினாவுக்கு இரண்டாவது மகன் பிறந்தான். பெயர் மார்செல் ஸ்டான்லி. ஆளுக்கு 238 டாலர் ஊக்கத்தொகையும் கிடைத்தது. இந்த மகனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் விஷயம் கீழே வருகிறது.

என்எச்எல்லில் அவர் பெயரில் என்னென்ன 'முதல்' சாதனைகள்?

1917 நவம்பரில் என்எச்எல் தொடங்கியது. டிசம்பர் 19, முதல் நாள் ஆட்டங்களில் கனேடியன்ஸ் ஒட்டாவாவை 7-4 என்று வென்றது. ஒரு முனையில் வெசினா, மறுமுனையில் பெனடிக்ட். லீகின் முதல் ஷட்-அவுட் வெசினாவுடையது: 1918 பிப்ரவரி 18, டொராண்டோவுக்கு எதிராக 9-0.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. 1918 டிசம்பர் 28, மறுபடி டொராண்டோ. வெசினா ஒரு அடியைத் தடுக்கிறார். காலடியில் கிடந்த வட்டை அவர் அணியின் நியூஸி லலாண்ட் எடுத்துக்கொண்டு தளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே ஓட்டமாக ஓடிக் கோல் போடுகிறார். கோலுக்கு உதவியவர் என்ற கணக்கில் வெசினா பெயர் ஏறியது. கோலி ஒருவருக்கு அந்தக் கணக்கு கிடைத்தது அதுதான் முதல் தடவை. நின்ற இடத்தில் நின்று தடுத்ததற்குக் கிடைத்த புள்ளி!

1919-இல் ஸ்டான்லி கோப்பை யாருக்கு?

யாருக்கும் இல்லை. கனேடியன்ஸ் சியாட்டிலுக்குப் போய் மெட்ரோபாலிட்டன்ஸ் அணியோடு ஆடியது. நான்காவது ஆட்டம் கூடுதல் நேரம் ஆடியும் 0-0; வெசினாவும் எதிரணிக் கோலி ஹாப் ஹோம்ஸும் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஐந்து ஆட்டங்களுக்குப் பிறகு ஆளுக்கு இரண்டு வெற்றி, ஒன்று டிரா. தீர்மானிக்கும் ஆட்டத்துக்கு முன் ஸ்பானிஷ் காய்ச்சல் கனேடியன்ஸ் ஆட்டக்காரர்களைப் படுக்கையில் தள்ளியது. தொடர் ரத்தானது. தடுப்பாட்டக்காரர் ஜோ ஹால் ஏப்ரல் 5 அன்று சியாட்டிலிலேயே இறந்தார். அணியின் உரிமையாளர் ஜார்ஜ் கென்னடியும் அந்தக் காய்ச்சலிலிருந்து முழுதாகத் தேறாமல் 1921-இல் காலமானார். அதனால்தான் அணி டாண்டுராண்ட் கூட்டாளிகளின் கைக்குப் போனது.

என்எச்எல்லில் அவர் சராசரி 3.28 கோல். இன்றைய கணக்கில் இது சுமார்தானே? உண்மையிலேயே நல்ல கோலியா?

இன்று 3.28 வைத்திருக்கும் கோலி பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். ஆனால் 1917-18 சீசனைப் பாருங்கள்: 21 ஆட்டத்தில் 84 கோல் விட்டார், ஆட்டத்துக்கு நான்கு. அந்தச் சீசனில் லீகிலேயே சிறந்த கணக்கு அது! மற்ற கோலிகள் அதைவிட மோசம். ஜனவரி வரை விழுந்து தடுக்க முடியாது, பேடு ஒல்லி, மாற்று ஆள் இல்லை. கோல் மழை பெய்யாமல் என்ன செய்யும்?

ஆட்டம் மாற மாற அவர் எண்களும் இறங்கின. 1923-24-இல் 24 ஆட்டத்தில் 48 கோல், கூடுதல் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரி 1.97. அடுத்த சீசனில் 1.81. அப்போது அவருக்கு வயது 38. அவர் இடத்துக்கு வந்த ஜார்ஜ் ஹெயின்ஸ்வொர்த் 1928-29-இல் 0.92 என்று முடித்தார், 44 ஆட்டத்தில் 22 ஷட்-அவுட். அதைக் கண்டு பயந்து, அடுத்த சீசனிலேயே முன்னோக்கிப் பாஸ் செய்யும் விதியைத் தளர்த்தினார்கள். கோல்கள் மறுபடி கூடின. ஆக, சராசரி என்பது கோலியைப் பற்றிச் சொல்வதைவிட விதிப்புத்தகத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. அதே ஆண்டில் ஆடிய மற்றவர்களோடு ஒப்பிட்டால் மட்டுமே அதற்கு அர்த்தம். அப்படி ஒப்பிட்டால், முதல் சீசனிலேயே லீகில் மிகக் குறைவான கோல் விட்டவர் வெசினா, கடைசி முழு சீசனிலும் அவர்தான்.

ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தவறவிட்டதில்லையா?

இல்லை. என்எச்எல்லுக்கு முந்தைய என்எச்ஏ லீகில் 138, என்எச்எல்லில் 190, மொத்தம் 328 லீக் ஆட்டங்கள் தொடர்ச்சியாக. கோப்பைக்கான பிந்தைய சுற்று ஆட்டங்கள் 39 தனி. முகமூடி இல்லாமல், மூக்கும் பல்லும் உடையும் ஒரு வேலையில் இது.

பின்னாளில் கிளென் ஹால் 1955 முதல் 1962 வரை 502 ஆட்டங்கள் தொடர்ந்து நின்று இதைத் தாண்டினார். அவரும் முகமூடி போடவில்லை.

ஸ்டான்லி கோப்பையைத் தெருவோரத்தில் விட்டுவிட்டுப் போனார்களாமே?

1924 கதை. அந்த வசந்தத்தில் வெசினா கோப்பைக்கான சுற்றில் ஆறு ஆட்டம் ஆடி ஆறே கோல்தான் விட்டார், ஆறிலும் வெற்றி. இறுதியில் கால்கரி டைகர்ஸை 6-1, 3-0. இரண்டாவது ஆட்டத்தை மாண்ட்ரியலில் ஆட முடியவில்லை. இயற்கைப் பனி உருகிவிட்டதால் செயற்கைப் பனித்தளம் இருந்த ஒட்டாவாவுக்கு மாற்றினார்கள்.

பிறகு டாண்டுராண்ட் வீட்டு விருந்துக்குப் போகும் வழியில் கார் டயர் பஞ்சர். கோப்பையை இறக்கி ஓரமாக வைத்து, டயரை மாற்றி, வீடு போய்ச் சேர்ந்து, கோப்பையில் ஊற்றிக் குடிக்கலாம் என்று தேடினால் கோப்பை இல்லை. திரும்பி ஓடினால் வைத்த இடத்திலேயே இருந்தது. காரில் வெசினாவும் இருந்தார் என்கிறது கதை. சொன்னவர்? டாண்டுராண்டேதான்.

அவருக்கு 22 பிள்ளைகள் என்று படித்தேன்.

இரண்டு. 1908-இல் ஷிகூட்டிமியில் மேரி ஸ்டெல்லா மோரினைக் கல்யாணம் செய்தார். மகன்கள் ஜான் ஜூல், மார்செல் ஸ்டான்லி. 22 என்று பத்திரிகைக்காரர்களிடம் அடித்துவிட்டவர் டாண்டுராண்ட், அதுவும் ஒன்பது வருஷத்துக்குள், மூன்று தடவை ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள் என்ற உபரித் தகவலோடு. வெசினாவுக்கு ஆங்கிலம் வராது என்றும் கூடவே சொல்லிவைத்தார். அப்புறம் யார் போய்ச் சரிபார்ப்பது? இன்றும் சில இடங்களில் இந்த 22 தலைகாட்டுகிறது.

கடைசி ஆட்டத்தில் என்ன நடந்தது?

1925 நவம்பர் 28, மாண்ட்ரியல் மவுண்ட் ராயல் அரீனா. சீசனின் முதல் ஆட்டம். எதிரணி புதிதாக லீகில் சேர்ந்த பிட்ஸ்பர்க் பைரட்ஸ். வெசினா சில வாரங்களாகவே மெலிந்துகொண்டிருந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்குக் காய்ச்சல் 102 டிகிரி. அதோடு இறங்கி முதல் பகுதியில் ஒரு கோலும் விடவில்லை. இடைவேளையில் ரத்த வாந்தி எடுத்தார், இரண்டாம் பகுதிக்குத் திரும்பி வந்து வலைக்கு முன் சரிந்தார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அவர் இடத்தில் அல்போன்ஸ் லக்ரூவா நின்றார், 1924 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குக் கோல் காத்தவர். பிட்ஸ்பர்க் 1-0 என்று வென்றது.

மறுநாள் காசநோய் என்று தெரிந்தது. காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் ஏறக்குறைய இருபது வருஷம் இருந்த காலம். ஓய்வெடு, நல்ல காற்று வாங்கு என்பதைத் தாண்டி டாக்டர்களிடம் எதுவும் இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு முறை உடைமாற்றும் அறைக்கு வந்து விடைபெற்றார். தன் மூலையில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார் என்றும், போன இறுதித் தொடரில் போட்டிருந்த ஜெர்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றும் டாண்டுராண்ட் சொன்னார். அவர் சொன்ன எல்லாவற்றிலும் இதை நான் சந்தேகப்படப் போவதில்லை. 1926 மார்ச் 27 அன்று ஷிகூட்டிமி மருத்துவமனையில் வெசினா இறந்தார். அந்தச் சீசனில் கனேடியன்ஸ் கடைசி இடம்.

இதை வீரம் என்று எழுதுபவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ஆட்டமும் விடாதவர் என்ற பெயரும், முகத்தில் எதையும் காட்டாத சுபாவமும் சேர்ந்து, அவரை வீட்டில் படுத்திருக்க வேண்டிய நாளில் பனித்தளத்தில் நிறுத்திவிட்டன. பக்கத்தில் இருந்தவர்களும் அவரைப் பிடித்து உட்காரவைக்கவில்லை.

பெனடிக்ட்டா வெசினாவா, யார் பெரிய கோலி?

பெனடிக்ட் என்றுதான் சொல்வேன். ஒட்டாவாவோடு மூன்று, மாண்ட்ரியல் மரூன்ஸோடு ஒன்று என நான்கு ஸ்டான்லி கோப்பை. விழுந்து தடுக்கும் முறை அவர் வழியாகத்தான் இந்த ஆட்டத்துக்குள் வந்தது; என்எச்எல்லில் முகமூடியை முதலில் போட்டுப் பார்த்தவரும் அவர்தான். இருந்தும் ஹாக்கி புகழ் மண்டபத்தில் வெசினா 1945-இல் முதல் தொகுதியிலேயே சேர்க்கப்பட்டார். பெனடிக்ட் 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் சிக்கலானதல்ல. வெசினா ஒரே அணியில் இருந்தார், எல்லோருக்கும் நல்லவராக இருந்தார், ஆடிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தார், அவர் பெயரில் பரிசு வைக்க மூன்று முதலாளிகள் இருந்தார்கள்.

அந்தப் பரிசை எப்படி முடிவு செய்கிறார்கள்?

டாண்டுராண்ட், லெடூர்னோ, கட்டாரினிச் மூவரும் 1926-27 சீசனில் கோப்பையை லீகுக்குக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில், மிகக் குறைவாகக் கோல் விட்ட அணியின் கோலிக்குத்தான் அது. முதல் மூன்று முறையும் ஹெயின்ஸ்வொர்த்தே வாங்கினார். இந்த முறையில் ஒரு கோளாறு உண்டு: தடுப்பாட்டம் பலமாக இருக்கும் அணியின் கோலிக்கே அதிர்ஷ்டம். 1981-82 முதல் அணிகளின் பொது மேலாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். குறைவான கோலுக்கு வில்லியம் ஜென்னிங்ஸ் கோப்பை என்று தனிப் பரிசு வந்துவிட்டது. பழைய முறையில் அதிகம் வாங்கியவர் ஜாக் பிளான்ட், ஏழு. ஓட்டு முறையில் டொமினிக் ஹாஷெக், ஆறு.

ஷிகூட்டிமிக்குப் போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

ஊர் 2002 முதல் சாகனே என்ற பெரிய நகரத்தின் ஒரு பகுதி. அங்கே ஜார்ஜ் வெசினா மையம் என்ற ஹாக்கி அரங்கம் இருக்கிறது. ஜூனியர் லீக் அணியான சாகனேயன்ஸ் அங்கேதான் ஆடுகிறது. சீசன் நேரத்தில் போனால் டிக்கெட் எடுத்து உள்ளே உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்க்கலாம். குளிருக்குக் கனமான கோட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.